கண்ணில்லாத காவல்காரன்: கட்டுத்துவக்கு பற்றி ஒரு படிப்பு

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: யாத்திராகமம் 21:18–36, 22:2–3, உபாகமம் 19:1–10, 22:8, சங்கீதம் 80, லூக்கா 22:35–51. குழுவாகப் படிப்பவர்கள் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுவிட்டு, அதன்பின் கட்டுரைக்கு வருவது நல்லது.

மாவனல்லை, அரநாயக்கப் பக்கத்து இறப்பர் மலைகளில் விடியும்போதே பால் வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதை ஒவ்வொரு பால்வெட்டுக்காரரும் அறிவார். ஆகவே கையில் கத்தியும் வாளியும், நெற்றியில் ஒரு டோர்ச்சுமாக, இருட்டு முழுவதும் கலையாத நேரத்தில் தனியாகவே மலைக்குப் போகிறார்கள். காட்டுப்பன்றிகளும் அதே நேரத்தில்தான் மேய்ச்சல் முடித்துக் காட்டுக்குத் திரும்புகின்றன. பல இடங்களில் இருவருக்கும் பாதை ஒன்றே. அந்தப் பாதையோரத்தில்தான் கட்டுத்துவக்கும் இருக்கிறது.

கட்டுத்துவக்கை நம் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓர் இரும்புக் குழாய், ஒரு மரப்பிடி, பட்டாசிலிருந்தோ தீக்குச்சியிலிருந்தோ சேர்த்த மருந்து, அதன்மேல் அடைத்த ஈயத் துண்டுகள், ஆணிகள், இரும்புச் சிதறல்கள். அதை இரண்டு கம்புகளில் இறுக்கிக் கட்டி, பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ இழுத்து விசையோடு தொடுத்துவிடுவார்கள். கம்பியில் எது பட்டாலும் வெடிக்கும். பன்றியின் நெஞ்சுக்கு அளந்து கட்டிய உயரம், வளர்ந்த மனிதனுக்கு முழங்காலாகவோ அதற்குக் கீழாகவோ அமைகிறது. கம்பியில் படுவது ஒரு சிறு பிள்ளையாக இருந்தால் எங்கே படும் என்பதை எழுத மனம் வரவில்லை.

கட்டுகிறவர்களைக் கொடியவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. லயத்துக்குப் பின்னால் கிடைத்த ஒரு துண்டு நிலத்தில், அது தன் பெயரில் இல்லாதபோதும், ஒரு குடும்பம் மரவள்ளியும் வற்றாளையும் நடுகிறது. ஆறேழு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. காலையில் வந்து பார்க்கும் தாயின் வயிற்றெரிச்சலை வேதமும் அறிந்திருக்கிறது. சங்கீதம் 80 இல் இஸ்ரவேல் தன்னை ஒரு திராட்சைத் தோட்டமாகப் பாடுகிறது. வேலி உடைந்துபோயிற்று, காட்டுப்பன்றி வந்து தோட்டத்தை அழிக்கிறது என்று தேவனிடம் முறையிடுகிறது. பன்றி தின்ற கொல்லையைப் பற்றிய அழுகை ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. எனவே பயிரைக் காக்க நினைப்பது பாவமா என்ற கேள்விக்கே இடமில்லை. எதைக் கொண்டு காக்கிறோம், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் நம் படிப்பு. இறைச்சியை விற்பதற்காகவே காட்டோரத்தில் வரிசையாகத் துவக்குக் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

துவக்கும் இந்தப் பிரதேசமும்

மாவனல்லைக்குத் துவக்குக் கதை புதிதல்ல. உத்துவன்கந்தையில் ஒளிந்திருந்து கண்டி வீதியில் கொள்ளையடித்த சரதியலை இங்கே அறியாதவர் இல்லை. 1864 மார்ச் 21 ஆம் திகதி மாவனல்லையில் அவனைப் பிடிக்க முயன்றபோது நடந்த துவக்குச் சண்டையில் மலாய் இனத்தவரான கொன்ஸ்தாபல் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். கடமையில் உயிர் நீத்த இலங்கையின் முதல் பொலிஸ்காரர் என்று அவரை நினைத்து, அந்தத் திகதியையே பொலிசார் தம் வீரர்களின் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். சரதியல் அதே ஆண்டு மே 7 ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டான். சரதியலின் பெயர் கதையிலும் படத்திலும் வாழ்கிறது. சபானின் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? துவக்குப் பிடித்தவனின் பெயர் நிலைப்பதும், சுடப்பட்டவனின் பெயர் மறைவதும் நாம் வழக்கமாகச் செய்யும் அநியாயம்.

பின்னரும் துவக்கு இங்கே பலவிதமாகக் கை மாறியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போதும், 1987 முதல் 1989 வரையான பயங்கர நாட்களிலும், கிளர்ச்சிக்காரர்கள் கிராமத்து வீடுகளில் இருந்த சொட்கன்களைத் தேடிப் பறித்தார்கள். பாதுகாப்புக்கு என்று வாங்கி வைத்த துவக்கே ஆயுதக்காரர்களை வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தது. தோட்டத்து மக்களின் அனுபவம் இன்னும் வேறு. துவக்கு என்பது துரையின் பங்களாவில் தொங்கிய பொருள். லயத்தில் இருந்தது கவ்வாத்துக் கத்தியும் பால் வெட்டும் கத்தியும்தான். இறப்பர்த் தோட்டங்கள் வரை பரவிய 1977, 1981, 1983 வன்செயல்களில் நம் மக்கள் காடுகளில் ஒளிந்து உயிர் தப்பினார்கள். அந்த இரவுகளை நினைப்பவர்கள், ஒரு துவக்கு இருந்திருந்தால் என்று சொல்வதை நாம் கேலி செய்யக் கூடாது. ஆனால் அன்று பல குடும்பங்களைக் காப்பாற்றியது அயலிலிருந்த சிங்கள, முஸ்லிம் வீடுகளின் கதவுகள் என்பதையும் அதே பெரியவர்கள்தான் சொல்கிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படை. 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. விவசாயத்துக்காகச் சொட்கன் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் பெற வழியுண்டு. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் செய்த குழாய்த் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது. அதைப் பாதையில் கட்டி ஒரு மனிதர் இறந்தால், வழக்கு அனுமதிப்பத்திரத்தோடு நின்றுவிடாது. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பிரபுக்கள் தங்கள் காடுகளில் முயல் பிடிக்க வந்த ஏழைகளைத் தடுக்க இதே போன்ற விசைத்துவக்குகளை வைத்தார்கள். 1827 இலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தடை செய்தது.

வேதம் என்ன சொல்கிறது?

வேதத்தில் துவக்கு இல்லை. ஆனால் துவக்குக் கட்டுகிறவனுக்குரிய சட்டம் இருக்கிறது. யாத்திராகமம் 21:33–34 ஐப் பாருங்கள். ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டான்; அயலானின் மாடோ கழுதையோ அதில் விழுந்து செத்தது. குழியின் சொந்தக்காரன் நஷ்டம் கொடுக்க வேண்டும். குழி வெட்டியதில் அவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று அங்கே கேட்கப்படவில்லை. மூடினாயா, மூடவில்லையா என்பதே கேள்வி. கழுதைக்கே இந்தக் கணக்கு என்றால் மனிதனுக்கு?

அதற்குச் சற்று முன்னே, முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. மாடு முதல் தடவை முட்டி ஒருவரைக் கொன்றால் மாட்டுக்காரன் குற்றமற்றவன். அது முட்டும் வழக்கமுள்ள மாடு என்று அவனுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் கட்டி வைக்கவில்லையென்றால், குற்றம் அவன் தலையில். கட்டுத்துவக்கு மனிதனைக் காயப்படுத்தும் என்பது நம் பிரதேசத்தில் யாருக்கு அறிவிக்கப்படாமல் இருக்கிறது? உபாகமம் 22:8, புதிதாக வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குச் சுற்றுக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்கிறது. விழப்போகிறவன் விருந்தாளியா, திருடனா என்று அது பார்க்கவில்லை.

குழுக்களில் ஒருவராவது உபாகமம் 19 ஐக் காட்டி வாதாடுவார். அங்கே மரம் வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று அயலான்மேல் பட்டு அவன் இறந்தால், வெட்டியவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடித் தப்பலாம். கட்டுத்துவக்கும் அப்படிப்பட்ட விபத்துத்தானே என்பது கேள்வி. நல்ல கேள்விதான், அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கோடரிக்காரன் மரத்தைப் பார்த்து ஓங்கினான்; கோடரி அவனை ஏமாற்றியது. கட்டுத்துவக்கோ ஏமாற்றவில்லை. கம்பியில் பட்டதைச் சுடு என்று சொல்லி வைத்ததை அப்படியே செய்தது.

யாத்திராகமம் 22:2–3 இவை எல்லாவற்றிலும் ஆழமான இடம் என்று எனக்குப் படுகிறது. இரவில் வீட்டைக் கன்னமிடும் திருடனை அடித்து அவன் இறந்தால் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அப்படிச் செய்தால் இரத்தப்பழி உண்டு. ஏன் இந்த வித்தியாசம்? பகலில் வந்தவன் யார், எதற்காக வந்தான், கொல்லாமல் பிடிக்க முடியுமா என்று பார்க்கலாம். பார்க்க முடிந்தவனுக்குப் பொறுப்புக் கூடுகிறது. கட்டுத்துவக்குக்கு இரவும் பகலும் ஒன்றே. அது யாரையும் பார்க்காது. பார்க்கும் கடமையை அதைக் கட்டியவன் வேண்டுமென்றே கைவிட்டு வீட்டில் தூங்குகிறான். தற்காப்பு என்ற நியாயத்தை வேதம் ஒப்புக்கொள்கிறது; ஆனால் அதை விழித்திருப்பவனுக்கு மட்டுமே தருகிறது.

காயப்பட்டவரைக் கண்டால்

இங்கே நடைமுறைக்கு வருவோம். வெடிச் சத்தமும் அலறலும் கேட்டால் உடனே ஓடிப்போய் இரண்டாவது கம்பியில் கால் வைத்துவிடாதீர்கள். ஒரு துவக்கு இருக்குமிடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். வெளிச்சத்தோடு, காயப்பட்டவர் போன பாதையிலேயே மெதுவாகச் செல்லுங்கள். சுத்தமான துணியை மடித்து இரத்தம் வரும் இடத்தில் வைத்து இரு கைகளாலும் விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். அப்படியும் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வைத்தியருக்கு அந்த நேரம் மிகவும் தேவை. கயிறோ கம்பியோ கொண்டு கட்டக் கூடாது. உள்ளே இருக்கும் இரும்புத் துண்டைப் பிடுங்கவும் வேண்டாம். எலும்பு உடைந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, காலை ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் கட்டுங்கள்.

காப்பித்தூள், தேயிலைத்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் இடவேண்டாம். நம் பாட்டிமார் கைமருந்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தக் காயத்துக்கு அது உதவாது. வெடிக்கும்போது மண்ணும் துருவும் கால்சட்டைத் துணியும் சதைக்குள் ஆழமாகப் போய்விடுகின்றன. மேலே சிறு துவாரமாகத் தெரிவது உள்ளே சிதைந்துபோயிருக்கும். அதைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் திறந்து கழுவினால்தான் அழுகல் நிற்கும். ஏற்புவலித் தடுப்பூசியும் அவசியம். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும் என்பதால் சாப்பாடோ தேத்தண்ணியோ கொடுக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு வாகனம் ஏறாவிட்டால் பெரிய பாதை வரை தூக்கி வர நான்கு பேரும் ஒரு கம்பளியும் போதும்.

கால் இழக்கப்படுவது பலவேளைகளில் வெடியால் அல்ல, தாமதத்தால். பொலிசுக்குப் போகும் என்ற பயத்தில் கம்பி குத்தியது, மரம் விழுந்தது என்று சொல்லி இரண்டு நாள் வீட்டில் வைத்திருக்கிறார்கள். பயப்படுகிறவர் பெரும்பாலும் காயப்பட்டவரல்ல. துவக்குக் கட்டிய உறவினரோ அயலவரோ. யார் கட்டியது என்று லயம் முழுவதற்கும் தெரிந்திருக்கும். பொலிசுக்கு மட்டும்தான் தெரியாது. ஒரு மனிதனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக இன்னொரு மனிதனின் காலை அழுகவிடுவது ஒற்றுமை ஆகுமா?

கால் இழந்தவர்களுக்கு, கொழும்பில் 1831 இல் தொடங்கிய ஆபத்தில் உதவும் நண்பர் சங்கம் 1985 முதல் ஜெய்ப்பூர் காலைச் செய்து கொடுத்து வருகிறது. இந்தியாவில் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராமச்சந்திரரும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் காலோடு வயலிலும் நடக்கலாம். ஆனாலும் மழையில் வழுக்கும் இறப்பர் மலையில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஏறி இறங்குவது வேறு விஷயம். பால் வெட்டுகிறவரின் கால் அவருடைய தொழிற்கருவி. பின்னவலையில் கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சாமா என்ற யானையைப் பார்த்து அனுதாபப்படாத பயணி இல்லை. நம் லயங்களில் அப்படிக் கால் இழந்தவர்களைப் பார்க்க எவரும் வருவதில்லை.

சுடப்படாதவருக்கும் துவக்கால் தீங்குண்டு. பழைய பற்றரியின் ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்குகிறவர்கள் அதன் புகையையும் தூசியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஈயச் சன்னம் பட்ட இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கலந்திருக்கும். சிறுவரின் மூளைக்கு ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்லதல்ல. காதுக்கு அருகே வெடிக்கும் ஒரே வெடி கேட்கும் சக்தியை நிரந்தரமாகக் குறைக்கவும் கூடும்.

அலுமாரிக்குள் இருக்கும் ஆபத்து

அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருப்போர் இதுவரை படித்தது தங்களுக்கல்ல என்று நினைக்கலாம். அவர்களுக்கும் ஒரு பாடம் நம் நாட்டிலேயே உண்டு. 1995 இல் இலங்கையில் தற்கொலை ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற அளவுக்குப் போனது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் காரணம் வீட்டில் கிடந்த கிருமிநாசினிப் போத்தல். அதே ஆண்டு முதல் கொடிய நஞ்சுள்ள மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. பத்து ஆண்டுகளில் அந்த அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துக்கங்கள் பாதியாகவில்லை. யுத்தம், கடன், குடி எல்லாம் இருந்தன. கோபமோ வேதனையோ உச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கொல்லும் பொருள் கைக்கெட்டவில்லை, அவ்வளவுதான். துவக்கும் கிருமிநாசினியைப் போலப் பயிர் காக்க வீட்டுக்குள் வந்த பொருள். துவக்கு ஓரிடத்தில், தோட்டா வேறிடத்தில், இரண்டுக்கும் பூட்டு, சாவி குடிக்காதவர் கையில் என்று வையுங்கள். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால் துவக்கைச் சில காலம் பொலிசில் ஒப்படைப்பது பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

இரண்டு பட்டயங்கள்

துவக்கு வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள், அமெரிக்காவானாலும் இங்கேயானாலும், லூக்கா 22:36 ஐச் சொல்வார்கள். பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்று ஆண்டவர் அங்கே சொன்னது உண்மை. சீஷர்கள் இரண்டு பட்டயங்களைக் காட்டினார்கள். போதும் என்றார். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் எந்தப் பாதுகாப்புக்குப் போதும் என்று வேதபண்டிதர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடட்டும். அந்தப் பட்டயம் அன்றிரவு என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். அது பிரதான ஆசாரியனைத் தொடவில்லை. அவனுடைய வேலைக்காரனின் காதை வெட்டியது. யாரோ அனுப்பியதால் இருட்டில் வந்த ஒரு கூலியாள் அவன். சிலுவைக்கு முன் ஆண்டவர் சுகப்படுத்திய கடைசிக் காயம், தம் சொந்தச் சீஷனின் ஆயுதம் உண்டாக்கிய காயம். பன்றிக்கு வைத்தது பால்வெட்டுக்காரரைத் தாக்குவதை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

மொசாம்பிக் நாட்டில் 1992 இல் யுத்தம் முடிந்தபோது வீடுகளிலும் காடுகளிலும் ஆயுதங்கள் நிறைந்து கிடந்தன. 1995 இல் அங்குள்ள கிறிஸ்தவ மன்றம், அங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானேயின் முயற்சியால், துவக்கைக் கொண்டுவருவோருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள், கூரைத் தகரம் என்று மாற்றிக் கொடுத்தது. வெட்டிச் சிதைத்த துவக்குகளால் செய்த ஒரு நாற்காலி இப்போது லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. துவக்கை விடு என்று சொல்வதோடு அந்தச் சபைகள் நிற்கவில்லை, வெறுங்கையோடு போகிறவனின் பசியையும் கணக்கில் எடுத்தன என்பதே நமக்கு முக்கியம்.

நம் இடத்திலும் கணக்கு அப்படித்தான். மரவள்ளிக் கொல்லைகள் ஒவ்வொன்றும் தனித்தனி மூலையில் கிடந்தால் ஒருவராலும் காக்க முடியாது. ஆறேழு குடும்பங்கள் ஒரே இடத்தில் பயிரிட்டு, பழைய தகரத்தாலும் கம்பாலும் ஒரே வேலி அடைத்து, பரண் போட்டு முறைவைத்துக் காவலிருந்தால் வாரத்துக்கு ஓர் இரவுதான் ஒருவருக்கு வரும். பழந்துணி, சவர்க்காரத் துண்டு, மண்ணெண்ணெய்க் கயிறு எல்லாம் சில நாட்களுக்குப் பன்றியை ஏமாற்றும். பின் அது பழகிவிடும். ஓரங்களில் மிளகு போன்றவற்றை வைத்துக் கிழங்கை வீட்டுக்கு அருகே கொண்டுவரலாம். மின்கம்பியை இழுத்துப் போடுவதும், தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்கப்பட்டாசும் கட்டுத்துவக்கின் தம்பிமாரே. சுருக்குத் தடமும் பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அதில் சிக்கி இறந்தது. நிலத்துக்கு உரிமையும் நிரந்தர வேலியும் கேட்டுத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் போவது நீண்ட பாதை. அதிலும் சபை கூட நடக்கலாம்.

குழுவில் பேசுவதற்கு

ஒரு பேச்சுக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஞாயிறு ஆராதனையில் ஒரே வாங்கில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் ஆறு மாதமாக ஊன்றுகோலோடு வருகிறார். மற்றவர்தான் துவக்கைக் கட்டியவர். இருவருக்கும் அது தெரியும், போதகருக்கும் தெரியும். யாத்திராகமம் 21:18–19, காயப்படுத்தியவன் காயப்பட்டவனின் வேலையிழந்த நாட்களுக்கும் வைத்தியத்துக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தச் சபையில் யார் முதலில் பேச வேண்டும்? ஆறு மாதச் சம்பளம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். கட்டியவரும் நாட்கூலிக்காரர் என்றால் அதை எப்படிக் கொடுக்கலாம்?

உங்கள் லயத்திலிருந்து ஆற்றுக்கும் மலைக்கும் பாடசாலைக்கும் போகும் குறுக்குப் பாதைகளை ஒரு பெரிய தாளில் வரைந்து பாருங்கள். எவற்றில் விடியுமுன் நடக்கப் பயப்படுகிறீர்கள்? பெண்களும் பிள்ளைகளும் குறிக்கும் இடங்கள் ஆண்கள் குறிப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா?